யானைக்கு வழி விடுங்க மாமா!

தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒன்றில்தான் எங்கள் பெரியம்மா வீடு. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டு போக முடியாது. அழகர் மலையிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். அந்த தூரத்துக்கு நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, எல்லோருக்கும் முகம் காட்டி, ஆடி அசைந்து வருகிறார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. அவசரம் எல்லாம் நமக்குத்தான். இந்தக் கட்டுரையும் வண்டியை மெதுவாக ஓட்டுவதைப் பற்றியும், நிறுத்துவதைப் பற்றியும், இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றியும்தான். போரடித்தால் மன்னிக்கவும் :-)

பெரியம்மா மகள், அதாவது எனக்கு அக்கா, கணக்கு டீச்சர். மாமாவுக்கு டைல்ஸ் வியாபாரம். போன வருஷம் எதிர்சேவை பார்த்த கையோடு மே மாத லீவில் இரண்டு பேரும் பதினோரு நாள் தென்னாப்பிரிக்கா போய்வந்தார்கள். குழுவாகக் கூட்டிக்கொண்டு போய், தயிர் சாதமும் போட்டு, ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் காட்டிக் கூட்டி வரும் டூர் இல்லை. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்து, மாமாவும் அக்காவும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு போனார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே கிடைக்கும். ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். டிராஃபிக் சிக்னலை அங்கே ‘ரோபோ’ என்பார்களாம். "அடுத்த ரோபோல லெஃப்ட் எடுங்க" என்று ஒருவர் வழி சொன்னதும் மாமா பத்து நிமிஷம் இயந்திர மனிதனைத் தேடியிருக்கிறார்.

இவர்கள் கிளம்புவதற்கு முன் வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை. "சிங்கம் திரியிற காட்டுக்குள்ள நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டுப் போறீகளா? ஊட்டிக்குப் போனாப் பத்தாதா?" என்று பெரியம்மா. எங்கள் அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், 2022 அக்டோபரில் குரூகர் தேசியப் பூங்காவின் நும்பி வாசலுக்குப் போகும் சாலையில் ஜெர்மன் பயணி ஒருவரைக் கொள்ளையர்கள் சுட்டுக் கொன்ற செய்தியைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். "பாத்தீங்களா, சிங்கம் இல்ல, மனுஷன்தான் பயம்" என்றார். அது நியாயமான பயம்தான். அக்கா அந்த வாசலையே தவிர்த்து, பட்டப்பகலில் நெடுஞ்சாலை வழியாக மலலேன் வாசலுக்குப் போவது என்று திட்டம் போட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

இப்போது குரூகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1926ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அடுத்த வருஷமே பயணிகளின் கார்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டன. கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். ஐந்து மதுரை மாவட்டங்களை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதில் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை எல்லாம் இருக்கின்றன. நம் முதுமலையிலோ பெரியாறிலோ வனத்துறை வண்டியிலோ படகிலோதான் உள்ளே சுற்றிப் பார்க்க முடியும். அங்கே அப்படியில்லை. வாசலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால் உங்கள் காரிலேயே உள்ளே போகலாம். வழிகாட்டி கிடையாது, ஜீப் கிடையாது, முக்கியச் சாலைகள் எல்லாம் தார் போட்டவை. மாருதி மாதிரி ஒரு சின்ன வண்டியே போதும். பைக்குக்கு மட்டும் அனுமதி இல்லை (நம் வகுப்பு புல்லட் பார்ட்டிகள் கவனிக்கவும்).

ஆனால் விதிகள் இருக்கின்றன. தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் போனால் காட்டுக்குள்ளேயே வேகமானி வைத்துப் பிடிப்பார்கள். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே தலையோ கையோ நீட்டக் கூடாது. எந்த மிருகத்துக்கும் ஒரு கடலையைக்கூடப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் நேரம். மே மாதத்தில் மாலை ஐந்தரைக்கு முகாம் வாசலைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் வேலிக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம். முகாமில் மனிதர்கள் வேலிக்குள்ளே, மிருகங்கள் வேலிக்கு வெளியே. "மிருகக்காட்சி சாலையைத் தலைகீழாப் போட்ட மாதிரிடா" என்றாள் அக்கா.

அவர்கள் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிங்கக் கதை இல்லை. சிங்கத்தைப் பார்த்தபோது அது தூங்கிக்கொண்டிருந்ததாம். முக்கால் மணி நேரம் அது ஒரு தடவை காதை ஆட்டியதோடு சரி. எனக்குப் பிடித்தது மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்தது. ஸ்குகூசா முகாமிலிருந்து சாபி ஆற்றை ஒட்டியே லோயர் சாபி முகாமுக்கு ஒரு சாலை போகிறது. இவர்கள் லோயர் சாபியில் தங்க வேண்டும். மணி நாலரை. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கிறது. அப்போது ஒரு யானைக்கூட்டம் சாலைக்கு வந்து நின்றுவிட்டது. தாயும் குட்டியுமாக இருபதுக்குக் குறையாது. சாலையின் இரண்டு பக்கமும் ஒடித்துத் தின்றுகொண்டு, நடுவில் நின்று யோசித்துக்கொண்டு... மாமா இன்ஜினை அணைத்துவிட்டார். பின்னால் இன்னும் மூன்று கார்கள் வந்து நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. எல்லோருக்கும் அதே ஐந்தரை மணிதான், எல்லோருக்கும் அதே அபராதம்தான். இருந்தும் நாற்பது நிமிஷம் நாலு காரும் அப்படியே நின்றன. கடைசிக் குட்டி கடந்ததும் 50க்கு ஒரு கோடு தாண்டாமல் ஓட்டிக்கொண்டு போய், ஐந்து இருபத்து நாலுக்கு வாசலைத் தொட்டிருக்கிறார்கள்.

"கல்யாணமாகி ஆறு வருஷத்துல நாற்பது நிமிஷம் சேர்ந்தாப்ல ஒண்ணும் பேசாம, சண்டையும் போடாம உக்காந்திருந்தது அன்னைக்குத்தான்" என்றாள் அக்கா. மாமா சிரித்தார். அவருக்கு அந்த நாற்பது நிமிஷத்திலும் கடையிலிருந்து ஒரு போன் வரவில்லை, அங்கே சிக்னல் இல்லை.

இதனால்தான் தாமே ஓட்டிக்கொண்டு போகிற பயணத்தின் பக்கம் நான் சாய்கிறேன். ஜீப்பில் போனால் டிரைவருக்கு அடுத்த ட்ரிப் இருக்கும், புலி காட்டினால் டிப்ஸ் கூடக் கிடைக்கும், அதனால் வயர்லெஸ்ஸில் தகவல் வந்ததும் பத்து ஜீப்பும் ஒரே மரத்தடிக்குப் பறக்கும். இலங்கையில் யால காட்டில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தானே ஓட்டுகிறவனுக்கு அந்த நெருக்கடி இல்லை. எதுவும் வராத நீர்நிலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். முகாமில் ஒரு வரைபடப் பலகை வைத்திருப்பார்களாம். இன்றைக்கு எந்த மிருகத்தை எங்கே பார்த்தார்கள் என்று பயணிகளே கலர் வில்லை குத்திவிட்டுப் போவார்கள். மாமாவும் ஒரு வில்லை குத்தினார். சிறுத்தைக்கான கலரில். பிறகு அது சிறுத்தையா காட்டுப்பூனையா என்று இருவருக்கும் நடந்த சண்டை இன்றுவரை ஓயவில்லை.

அங்கிருந்து தெற்கே இறங்கி, 1895லேயே பாதுகாக்கப்பட்ட ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காட்டைப் பார்த்துவிட்டு (பேரை உச்சரிக்க மாமா இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்), செயின்ட் லூசியா என்ற கடலோர ஊரில் ஒரு ராத்திரி. அந்த ஊரில் இருட்டினால் நீர்யானைகள் தெருவுக்கு வந்து வீட்டுத் தோட்டத்துப் புல்லை மேய்ந்துவிட்டுப் போகும். நம் தெருவில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாதிரி அங்கே ‘நீர்யானைகள் ஜாக்கிரதை’. பிறகு டர்பன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கினார்களே, அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் ஊர். அங்கே ஒரு கோயில் வாசலில் தமிழ் பேசத் தெரியாத ஒரு பாட்டி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "மதுரா? மீனாட்சி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இழுத்தால் வண்டி வேறு பக்கம் போய்விடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். குரூகர் அவ்வளவு அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே இருந்த மனிதர்களை வெளியேற்றியது. வடகோடியில் இருந்த மகுலேகே மக்களை 1969ல் அவர்கள் நிலத்திலிருந்து அகற்றிப் பூங்காவோடு சேர்த்தார்கள். நிறவெறி ஆட்சி போன பிறகு அவர்கள் உரிமை கோரி, 1998ல்தான் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. இன்று அது பூங்காவுக்குள்ளேயே, அவர்களுடைய சொத்தாக இருக்கிறது. வெள்ளையர் அல்லாத பயணிகளுக்கு பலுலே என்ற ஒரு சின்ன முகாம்தான் வெகுகாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் காலமாக இருந்திருந்தால் என் அக்காவும் மாமாவும் லோயர் சாபி வாசலை ஐந்து மணிக்கே தொட்டிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே "ஆப்பிரிக்காக்காரனைப் பாரு, நம்மாளைப் பாரு" என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசவும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

காலாண்டுப் பரீட்சை லீவில் அக்கா, மாமா, நான் மூன்று பேரும் மாமாவின் காரில் மூணாறு போனோம். போகும்போது தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, சின்னக்கானல். திரும்பும்போது மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பழனி வழி. மறையூர் தாண்டினால் மழை மறைவுப் பிரதேசம். முள்மரமும் காய்ந்த புல்லுமாக, நம்ம நாகமலை ஓரம் மாதிரி இருக்கும். அந்தச் சாலை கேரளாவின் சின்னாறு சரணாலயத்தையும், அதை ஒட்டி நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிக் காட்டையும் வெட்டிக்கொண்டு போகிறது. யானைகள் அமராவதி அணைத் தண்ணீருக்கு அந்தச் சாலையைக் கடந்துதான் போக வேண்டும்.

சின்னாறு சோதனைச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம். ஒன்பதாறு சோதனைச்சாவடி இன்னும் வரவில்லை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். வளைவில் திரும்பினால் சாலையிலிருந்து முப்பது நாற்பது அடியில் ஒரு ஒற்றை யானை, கொம்பன். நாங்கள் மட்டும்தான். மாமா வண்டியை ஓரம் கட்டினார். அடுத்து அவர் செய்ததை நான் இன்னும் நம்பவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். பதினோரு நாள் சிங்கக் காட்டில் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டாத மனிதர். யானைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "டேய், எடுடா" என்றார்.

நான் எடுத்தேன். எடுத்தது மட்டும் இல்லை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க மாமா, ஃபிரேம்ல ரெண்டு பேரும் வரல" என்று சொன்னதும் நான்தான். ‘ரெண்டு பேரும்’.

அக்கா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தத்தில் விழித்தவள் கத்தவில்லை. "ஏறுங்க" என்று ஒரே ஒரு சொல், அவள் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்வாளே அந்தக் குரலில். மாமா திரும்பிப் பார்த்தார். யானை காதை விரித்து நாலு எட்டு வைத்தது. அவ்வளவுதான், துரத்தவில்லை. ஆனால் அந்த நாலு எட்டில் இடைவெளி பாதியாகிவிட்டது. மாமா எப்படி ஏறினார், எப்படி ஸ்டார்ட் செய்தார், எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு செருப்பு அங்கேயே கிடந்துவிட்டது. உடுமலைப்பேட்டை வரை யாரும் பேசவில்லை. இந்த மௌனம் லோயர் சாபி மௌனம் இல்லை.

நான் செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை, யானை எட்டு வைப்பதற்கு முன்னாடி வரை வெட்டி, ஸ்டேட்டஸில் வைத்தேன். உங்களில் பாதிப்பேர் பார்த்து, "மாமா வேற லெவல்" என்று எனக்கு அனுப்பினீர்கள். இரண்டாவது நாள் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே ஆள்தான். ஒரே இரண்டு கால்கள்தான். லோயர் சாபி சாலையில் நாற்பது நிமிஷம் இறங்காத கால்கள் அமராவதிக் காட்டில் நாற்பது வினாடியில் ஏன் இறங்கின? மாமாவிடமே கேட்டேன். "அது காடுடா, இது ரோடு" என்றார். யோசித்துப் பார்த்தால் முழுப் பதிலும் அதில் இருக்கிறது. அங்கே வாசலில் சீட்டு வாங்கி, விதி எழுதிய தாளைக் கையில் வாங்கி, மிருகங்களின் வீட்டுக்குள் விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்போடு உள்ளே போகிறார். இங்கே உடுமலைக்குப் போகிற வழியில் நடுவில் ஒரு காடு வருகிறது, அவ்வளவுதான். பஸ் போகிறது, காய்கறி லாரி போகிறது, சோதனைச்சாவடியில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டு கேட்டைத் தூக்கிவிடுகிறார்கள். அது ஒரு தடுப்பு என்றுதான் தோன்றுமே தவிர, வாசல் என்று தோன்றுவதில்லை.

"நம்மாளுங்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்ற வழக்கமான பேச்சை அதனால்தான் நான் ஏற்கவில்லை. ஒழுக்கம் ஆளுக்குள் இருந்தால் அது மாமாவோடு விமானம் ஏறி மதுரைக்கும் வந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நடந்ததும் இதையே காட்டுகிறது. சாலையில் யானை நின்றதால் மற்ற வண்டிகள் எல்லாம் நின்றிருக்க, பைக்கில் வந்த ஒரு ஜெர்மன் பயணி கடந்து போக முயன்று யானை தாக்கி இறந்துபோனார். அன்றைக்குப் பொறுமையாக நின்றவர்கள் நம்மாட்கள். அதே வருஷம் ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு செல்ஃபி எடுக்கப் போனவர் நம்மாள். யானை துரத்தி, விழுந்து, மயிரிழையில் பிழைத்தார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது.

மனிதனுக்கு அபராதம் 25,000. யானைக்கு? 2013 டிசம்பர் கடைசியில் அதே குரூகரில், தாங்களே காரோட்டி வந்த ஒரு ஜோடியின் காரை மதம் பிடித்த ஒரு ஆண் யானை புரட்டிப்போட்டது. பின்னால் வந்த காரிலிருந்து எடுத்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தப் பெண்ணுக்குத் தந்தம் பட்டுக் காயம். இருவரும் பிழைத்தார்கள். யானையைப் பூங்காக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அன்றைக்கு அமராவதியில் அந்தக் கொம்பன் நாலு எட்டோடு நிற்காமல் ஐந்தாவது எட்டையும் வைத்திருந்தால், மறுநாள் பேப்பரில் ‘மதுரை வியாபாரியை மிதித்த யானை’ என்று வந்திருக்கும். மாமா பெயர் ஒரு நாள் வந்து மறந்திருக்கும். யானையின் பெயரோ ‘ஆட்கொல்லி’ என்று நிலைத்திருக்கும். கும்கி, மயக்க ஊசி, லாரி...

லாரி என்றதும் அரிக்கொம்பன் ஞாபகம் வருகிறது. எல்லோரையும்விட நீண்ட சாலைப் பயணம் போனவன் அவன்தான், ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. நாங்கள் மூணாறு போகும்போது கடந்த சின்னக்கானல்தான் அவன் ஊர். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னப் பழகியவன். 2023 ஏப்ரல் 29ல் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேகமலை வழியாக இறங்கி, மே 27ல் கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டான். தெருவில் ஆட்டோவைத் தள்ளிவிட்டு அவன் ஓடியதை டிவியில் பார்த்தோமே. கம்பத்தில் பைக்கில் வந்த ஒருவர் அந்த அமளியில் அடிபட்டு இறந்தும் போனார். ஜூன் 5ல் மறுபடி பிடித்து, மறுபடி லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். தேனி மாவட்டத்திலிருந்து திருநெல்வேலிப் பக்கம் வரை கட்டிப்போட்ட நிலையில், கொளுத்துகிற வெயிலில். அரிசி ருசியை அவன் காட்டில் கற்றுக்கொள்ளவில்லை. அவன் நடந்த வழியில் காலனியும் ரேஷன் கடையும் தோட்டமும் ரிசார்ட்டும் வந்தன. வண்டியிலிருந்து பழமும் கரும்பும் நீட்டுகிறவர்களும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறார்கள். இலங்கையில் புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் சாலையில் வண்டியை மறித்துத் தின்பண்டம் கேட்கிற யானைகளை உருவாக்கியது பக்தர்களின் அன்புதான்.

அப்படியென்றால் நம் காடுகளிலும் குரூகர் மாதிரி ‘நீங்களே ஓட்டுங்கள்’ என்று திறந்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. இருக்கிற பொதுச்சாலைகளையே நம்மால் காடாகப் பார்க்க முடியாதபோது இன்னும் உள்ளே எதற்கு? அப்படியே எல்லாச் சாலையையும் மூடிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. சின்னாறு காட்டுக்குள் முதுவர், மலைப்புலையர் குடிகள் இருக்கின்றன. அவர்களுக்கு அது டூர் ரூட் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வழி. பந்திப்பூரில் 2009லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. அதை எதிர்த்து வயநாட்டில் 2019ல் உண்ணாவிரதமே நடந்தது. சத்தியமங்கலத்தில் திம்பம் மலைப்பாதைக்கு 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தபோது, தாளவாடிப் பக்கத்து விவசாயிகள் "எங்க காய்கறி எப்படிப் போகும்" என்று கேட்டது நியாயம்தான். இருந்தாலும் இரண்டு தடையும் சரி என்றே நினைக்கிறேன். ராத்திரியில் லாரிச் சக்கரத்தில் மாட்டுகிற மானுக்கும் சிறுத்தைக்கும் உண்ணாவிரதம் இருக்கத் தெரியாது.

பகலுக்கு என்ன செய்வது? அசாமில் ஒரு வழி இருக்கிறது. காசிரங்காவில் வெள்ளக் காலத்தில் மிருகங்கள் மேட்டுநிலம் தேடி நெடுஞ்சாலையைக் கடக்கும். அப்போது அங்கே வருகிற வண்டிகளுக்கு ‘டைம் கார்டு’ கொடுப்பார்கள். இந்த முனையில் நுழைந்த நேரத்தை எழுதிக் கொடுத்து, அந்த முனையில் சரிபார்ப்பார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் வேகமாக ஓட்டினாய் என்று அர்த்தம், அபராதம். இதை சின்னாறு, முதுமலை, வால்பாறைச் சாலைகளில் வருஷம் முழுக்க வைத்தால் என்ன? அக்காவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். சாவடிக்குச் சாவடி 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள், மணிக்கு 40 என்றால் 24 நிமிஷம். அதற்கு முன்னால் வந்தால் வேகம். 40 நிமிஷத்துக்குப் பிறகு வந்தால் எங்கேயோ இறங்கிப் படம் எடுத்திருக்கிறாய். இரண்டுக்கும் கேள்வி உண்டு.

"வழியில யானை நின்னா?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. ஒரு வண்டி மட்டும் தாமதம் என்றால் அந்த வண்டியைக் கேட்கலாம். அந்த நேரத்தில் வந்த எல்லா வண்டியும் தாமதம் என்றால் யானையைத்தான் கேட்க வேண்டும். உள்ளூர் ஆட்களுக்கும் பஸ்ஸுக்கும் தனி அட்டை கொடுத்துவிடலாம். அவர்கள் யானையோடு செல்ஃபி எடுப்பதில்லை, தினம் பார்க்கிறார்கள். பெரிய செலவும் இல்லை. சாவடியில் ஏற்கெனவே ஆளும் நோட்டும் இருக்கிறது. தேவை ஒரு கடிகாரமும் ஒரு சீட்டும். அந்தச் சீட்டின் பின்பக்கம் நாலு வரி விதி தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் போதும். அதைக் கையில் வாங்கியிருந்தால் அன்றைக்கு மாமா இறங்கியிருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். அக்கா நம்பவில்லை. "இவர் அப்பவும் எறங்கிருப்பார், நீயும் எடுத்திருப்ப" என்கிறாள். என்னைப் பற்றி அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

அரையாண்டு லீவில் வால்பாறை போகலாம் என்று மாமா மறுபடி ஆரம்பித்திருக்கிறார். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. அக்கா ஒத்துக்கொண்டாள், இரண்டு நிபந்தனையோடு. வண்டியை அவள்தான் ஓட்டுவாள். பின் சீட்டில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருக்கும், மாமாவும் நானும் அங்கேதான் உட்கார வேண்டும். பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஆப்பிரிக்காவுக்கே போயிட்டு வந்த மனுசனப் பாரு" என்று சிரித்துக்கொண்டே மாமாவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்து வைத்திருக்கிறார்.